ஜோடிப் பெட்டிகள்

அத்தியாயம் 17

"நாளைக்கு வாரேன் மைனி" என்று கொழுந்தன் பொன்மணி போனில் சொன்னபோது செல்வலட்சுமி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. போனை வைத்துவிட்டுப் போய் அரிசி களைந்தாள். களைந்த அரிசியையே இன்னொரு தடவை களைந்தாள்.

அவன் கொச்சி மட்டாஞ்சேரியிலுள்ள இந்த வீட்டை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. அன்றைக்கு நடந்ததை, புதிதாக வந்து சேர்ந்த வாசகர்களுக்காக ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். திரும்பத் திரும்பச் சொல்கிற விஷயமில்லை அது.

பக்கத்திலிருக்கும் செர்லாயில் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு எடுக்கும் ஸுப்ரியா என்கிற கொங்கணிப் பெண்ணைப் பொன்மணி விரும்பினான். அண்ணன் இசக்கிமுத்துவுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காததை வீட்டுக்குள் சொல்லித் தொலைத்திருக்கலாம். மனுஷன் தம்பிக்குத் தெரியாமல் அந்தப் பெண்ணின் அப்பாவிடம் போய், "உங்க பொண்ண அடக்கி வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். சேதி தெரிந்து ஓடி வந்த பொன்மணி, இந்த வீட்டின் முன் அறையில் வைத்து, அண்ணன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான்.

தாயில்லாமல் ஏழு வயதில் தென்காசியிலிருந்து இங்கே வந்தவன் அவன். பிள்ளையில்லாத அண்ணனும் மைனியும்தான் வளர்த்தார்கள். அறைந்தவன் அன்று சாயங்காலமே துணிமணியை எடுத்துக்கொண்டு களமசேரிக்குப் போய்விட்டான். அங்கே கல்யாண வீடுகளுக்கு மைக்செட் போடும் ஒரு கூட்டத்தோடு வேலை, தங்கல் எல்லாம்.

அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்த ஓர் அடியில் இசக்கிமுத்துவின் வலது காது போய்விட்டது.

கொஞ்சம் மந்தமாகிவிட்டது என்றில்லை, அடியோடு போய்விட்டது. இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு டாக்டரிடம் போனார்கள். நரம்பே செத்துவிட்டது, மெஷின் வைத்தாலும் பிரயோசனமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார் அவர். திரும்பி வரும் வழியில், படகுத்துறையில் நின்றபடி இசக்கிமுத்து மனைவியின் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார்.

"அவன்ட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"ஏன் சொல்லக் கூடாது? செஞ்சவன் தெரிஞ்சுக்கிட வேண்டாமா?"

"தெரிஞ்சா அவன் அந்தப் புள்ளைக்குத் தாலி கெட்ட மாட்டான். எங்கயாவது போயிருவான். தப்பு செஞ்சது நான், வாங்கினதும் நான். அதோட மதி, போதும்."

செல்வலட்சுமி சத்தியம் செய்தாள். கைக்குக் கீழே புருஷன் தலை இருக்கும்போது வேறென்ன செய்ய முடியும்?

இப்போது பொன்மணிக்கும் ஸுப்ரியாவுக்கும் கல்யாணம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டு முற்றத்தில். பெண்ணின் அப்பாவே கோபத்தை விட்டுவிட்டார். சேதி கேட்ட அன்றே இசக்கிமுத்து ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டி செய்ய ஆரம்பித்தார். ஸுப்ரியாவின் பாட்டு வகுப்புக்கு. மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அதற்குப் பதிலாகப் பலகையை எடுத்துவிட்டார்.

*

பகலில் பழைய சாமான் கடை ஒன்றில் அலமாரிகளுக்கும் கட்டில்களுக்கும் பாலிஷ் போடுவது இசக்கிமுத்துவின் வேலை. வீட்டில் செய்வது பெட்டி. இடக்கொச்சியில் இரண்டு சாயாக்கடை, ஒரு மாதா கோயில், வல்லார்பாடத்தில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஹோட்டல் என்று அவர் செய்த பெட்டிகள் பாடாத இடம் குறைவு. மரவேலை முழுக்க அவருடையது. வயரிங் முழுக்கப் பொன்மணியுடையது. இத்தனை வருஷமாக அப்படித்தான் நடந்து வந்தது.

இந்த ஜோடிக்கு மட்டும் வயரிங்கும் அவரே செய்தார். தம்பிக்குச் செய்யும் பெட்டியில் தம்பியை எப்படி வேலை வாங்குவது என்று கேட்டார். நியாயந்தான்.

மரைன் பிளைவுட்டில் பெட்டி. இரண்டு பலகை சேருகிற இடத்தில் ஒரு மயிரிழை சந்து இருந்தாலும் காற்று அதில் புகுந்து பீப்பீ என்று கத்தும் என்பதால், ஒவ்வொரு மூலையையும் உள்ளே பசை வழித்து அடைத்தார். பக்கச் சுவர் அதிராமலிருக்க நடுவில் குறுக்குக்கட்டை கொடுத்தார். உள்ளே பஞ்சு வைத்தார். வெளியே தேக்கு வினீர் என்கிற மெல்லிய மரத்தகடு ஒட்டினார். வினீரின் ரேகைகூட ஒரு பெட்டியில் வலப்பக்கம் சாய்ந்தால் இன்னொன்றில் இடப்பக்கம் சாயும்படி பார்த்து ஒட்டினார். கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கரை ஒன்றில் இடது ஓரமாகவும் மற்றதில் வலது ஓரமாகவும் வைத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அலமாரியின் இரண்டு கதவுகள்தான். கைதேர்ந்த ஆசாரி அப்படித்தான் செய்வார்.

பாலிஷ்தான் படுத்தியது. மழைக்காலத்தில் லேக்கர் அடித்தால் ஈரக் காற்று உள்ளே மாட்டிக்கொண்டு வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். இரண்டு தடவை அடித்து, இரண்டு தடவையும் பூத்து, தேய்த்து எடுத்துவிட்டு மூன்றாவது தடவை அடித்திருந்தார். ஒரு பெட்டியின் மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் வெள்ளை நின்றது.

மறுநாள் காலை பொன்மணி பத்து மணிக்கு வந்தபோது இசக்கிமுத்து அந்த மூலையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே."

அவர் நிமிர்ந்தார். கதவு அவருடைய இடப்பக்கம் இருந்ததால் கேட்டது.

"வால. நனஞ்சிட்டியா? செல்வி, ஒரு துண்டு எடு. சாயா போடு." எட்டு மாதத்துக்கு அவ்வளவுதான். பிறகு பெட்டியைத் தட்டிக் காட்டினார். "இது ஸுப்ரியாவுக்கு."

பொன்மணி பெட்டியைப் பார்த்தான். சுற்றி வந்து பார்த்தான். வினீர் ரேகைமேல் விரலை ஓட்டினான். கண் கலங்கியதை மறைக்கக் குனிந்து பின்பலகையைப் பார்ப்பதுபோல் நின்றான். சமையலறை வாசலில் துண்டோடு நின்ற செல்வலட்சுமி அதைக் கண்டாள். இவ்வளவு பாசம் உள்ளவன் கையையும் அடக்கியிருக்கலாமே என்று நினைத்தாள். அவளுக்கு அவன்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. எட்டு மாதமாகப் புருஷன் ரோடு தாண்டும்போதெல்லாம் வலப்பக்கம் நடந்து, வண்டி வருவதைக் கையைப் பிடித்து இழுத்துச் சொல்கிறவள் அவள்தான்.

"நானும் தேய்க்கேன்" என்று பொன்மணி சட்டைக் கையை மடித்தான்.

இந்த எட்டு மாதத்தில் இசக்கிமுத்து பல தந்திரம் படித்திருந்தார். யார் வந்தாலும் தன் இடப்பக்கம் உட்கார வைப்பது, கேட்காதபோது சிரித்துத் தலையாட்டுவது, பேசுகிறவன் வாயைப் பார்ப்பது. இன்றைக்கும் தனக்கு இடப்புறம் ஒரு முக்காலி போட்டு வைத்திருந்தார். ஆனால் பொன்மணி அந்த முக்காலியில் லேக்கர் டப்பாவை வைத்துவிட்டு, வலப்பக்கம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். சின்ன வயதிலிருந்து அவன் உட்காரும் இடம் அதுதான்.

இசக்கிமுத்துவுக்கு என்ன சொல்லி மாற்றுவது என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் இருவரும் தேய்த்தார்கள். மழை விட்டது. இசக்கிமுத்து உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைச் சுருக்கி, மூலையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் சத்தமே இல்லை. செல்வலட்சுமி இரண்டு கிளாஸ் சாயாவோடு அந்த நேரத்தில்தான் வாசலுக்கு வந்தாள்.

பொன்மணி தலையைக் குனிந்துகொண்டு, தரையைப் பார்த்துத் தணிந்த குரலில் பேசினான்.

"அண்ணே, அன்னைக்கு நான் உங்கள அடிச்சேன். அதுக்கு எந்த நியாயமும் இல்ல. ராத்திரி படுத்தா அந்தச் சத்தந்தான் கேக்கு. என்ன மன்னிச்சிருங்க. நீங்க தாலிய எடுத்துக் குடுத்தாத்தான் நான் கெட்டுவேன்."

இசக்கிமுத்து மூலையை இன்னொரு தடவை தடவினார். ஊதித் தூசியைப் போக்கினார்.

"அண்ணே?" என்றான் பொன்மணி, இன்னும் மெதுவாக.

"இந்த வெள்ளை போகாது போலுக்கே" என்றார் இசக்கிமுத்து, பெட்டியிடம்.

பொன்மணியின் முகம் வெளுத்துப்போனது. செல்வலட்சுமி எல்லாவற்றையும் பார்த்தபடி நின்றாள். அவள் ஓர் அடி முன்னால் வந்து, புருஷன் தோளைத் தொட்டு, "தம்பி ஏதோ சொல்லுதான், கேளுங்க" என்று சொல்லியிருந்தால் போதும். சத்தியமும் கெடாது, காரியமும் முடிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. படட்டும், ஒரு மணி நேரமாவது படட்டும் என்று அவள் மனம் சொன்னது. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் சொன்னாலும் தடுக்க மாட்டேன்.

சாயாவை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

*

மத்தியானம் பொன்மணி கப்பைக் கிழங்கையும் மீன் குழம்பையும் பிசைந்துகொண்டே இருந்தான். சாப்பிடவில்லை. இசக்கிமுத்து எழுந்து கை கழுவப் போனதும் சமையலறைக்கு வந்தான்.

"நான் கெளம்புதேன் மைனி."

"சாயங்காலம் போலாம்லா?"

"இல்ல. அண்ணன் மனசு எனக்குத் தெரிஞ்சு போச்சு. பெட்டிய ஸுப்ரியாவுக்காகச் செஞ்சிருக்காரு, எனக்காக இல்ல. செரி, செஞ்ச பாவத்துக்கு இவ்வளவாவது வேணும்லா." பாத்திரம் தேய்க்கும் இடத்தில் தட்டை வைத்தான். "ஞாயித்துக்கிழம அவர வற்புறுத்தாதீங்க. எங்க பக்கம் யாரும் வரலன்னு அவங்க வீட்ல நான் சொல்லிக்கிடுதேன்."

காலையில் அவன் படட்டும் என்று நினைத்தவள் இப்போது வாசலை மறித்து நின்றாள். ஒரு மணி நேரத்துக்கு என்று நினைத்த தண்டனை, ஆயுசுக்கும் ஆகிவிடும் போலிருந்தது. வாயைத் திறந்தால் சத்தியம் நின்றது. படகுத்துறையில் கைக்குக் கீழே பட்ட அந்த நரைத்த தலை நினைவுக்கு வந்தது. சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்குத்தான் ஆகும் என்று மனதார நம்புகிறவள் அவள்.

சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பாடவச்சுக் கேக்காம இந்த வீட்லருந்து ஒரு ஜோடி வெளிய போனதுண்டா? கேட்டுட்டுப் போ."

வாசகர்களே, இதை அவள் தெரிந்துதான் சொன்னாள்.

பெட்டி முடிந்ததும் இந்த வீட்டில் ஒரு வழக்கம். ஏதாவது ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, இரண்டு பெட்டிக்கும் நேர் எதிரே நாற்காலியில் இசக்கிமுத்து கண்ணை மூடி உட்காருவார். பாடுகிற குரல் எங்கே நிற்கிறது என்று விரலை நீட்டிக் காட்ட வேண்டும். ஜோடி சரியாக இருந்தால் இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத வெறும் சுவரிலிருந்து குரல் வரும். அவர் விரலும் அங்கே போகும். ஒரு சாண் விலகினால்கூடச் சொல்லிவிடுவார். அவர் விரல் நீட்டாமல் எந்தப் பெட்டியும் படி இறங்கியதில்லை. ஆனால் திசை பிடிக்க இரண்டு காதும் வேண்டும், ஒற்றைக் காதுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

தம்பி வந்து அதற்குக் கூப்பிட்டதும் இசக்கிமுத்துவின் முகத்தில் ஒரு நிமிஷம் ஈயாடவில்லை. பிறகு சிரித்தார்.

"பின்னே, கேக்காமலா? போடுல."

பயம் வந்த வேகத்தில் போய்விட்டது. பெட்டி தன் பெட்டி. குரல் நடுவில்தான் நிற்கும். நடுவைக் காட்டினால் முடிந்தது.

*

பொன்மணி ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்து வைத்தான். பெட்டிகளின் பின்பலகையில் வயர் மாட்ட இரண்டிரண்டு பித்தளை போல்ட்டுகள் இருந்தன. இடது போல்ட் பிளஸ், வலது போல்ட் மைனஸ் என்பது அவனே வகுத்த கணக்கு. இந்த வீட்டுப் பெட்டி எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். திரும்பிப் பார்க்காமல் இரண்டிலும் அப்படியே மாட்டினான். போனைச் செருகி, ஸுப்ரியா பாடிப் பதிந்து அனுப்பிய ஒரு பாட்டைப் போட்டான்.

இசக்கிமுத்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

குரல் வந்த மாத்திரத்தில் பொன்மணி நெற்றியைச் சுருக்கினான். ஸுப்ரியா எங்கும் நிற்கவில்லை. குரல் சுவரோரமெல்லாம் கலைந்து கிடந்தது, ஒரு நேரம் தலைக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் இருந்தது. கனமே இல்லை. அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு பெட்டிக்குள் பிளஸ்ஸும் மைனஸும் மாறிக் கிடக்கிறது. ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது.

எப்படி மாறியது என்பதும் அவனுக்குத் தெரிந்தது. அண்ணன் இந்த ஜோடியைக் கதவு செய்கிற மாதிரி செய்திருக்கிறார். ரேகையை மாற்றினார், சின்ன ஸ்பீக்கரை மாற்றினார், அதே கையோடு பிளஸ்ஸையும் இடமிருந்து வலத்துக்கு மாற்றிவிட்டார். மரவேலைக்காரருக்கு ஜோடி என்றால் ஒன்றுக்கொன்று எதிராக இருக்க வேண்டும். கரண்டுக்கு அது தெரியாது.

பொன்மணிக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக. அண்ணன் இதோ கண்ணைத் திறப்பார், "ஏலே, உன் பொண்டாட்டி வீட்டுக்கு வெளிய நிக்கால்லா!" என்று கத்துவார், அதைச் சாக்காக வைத்து இரண்டு வார்த்தை பேசிவிடலாம் என்று காத்திருந்தான்.

இசக்கிமுத்து கையைத் தூக்கினார். விரல் அலையாமல், தயங்காமல், நேர் நடுவுக்குப் போய் நின்றது.

"அந்தா நிக்கா. அச்சு அசலா நடுவுல."

பொன்மணியின் சிரிப்பு அப்படியே நின்றது.

அவன் மைனியைப் பார்த்தான். செல்வலட்சுமி சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் போடாமல் பின்னால் போனான் பொன்மணி. இடது பெட்டியின் வயரை உருவினான். இப்போது ஸுப்ரியாவின் குரல் வலப்பக்கப் பெட்டியிலிருந்து மட்டும் வந்தது. சின்னக் குழந்தைகூட அந்தப் பக்கம் திரும்பும்.

"இப்ப சொல்லுங்கண்ணே. எங்க நிக்கா?"

கண்ணை மூடியிருந்த இசக்கிமுத்துவின் முகத்தில் வியர்வை துளிர்த்திருந்தது. விரல் நடுவிலேயே நின்றது.

"அங்கயேதான். நல்லா மாட்டியிருக்கல."

பொன்மணி வயரைக் கையில் பிடித்தபடி நின்றான். பாட்டு முடிகிறவரை நின்றான். இசக்கிமுத்து கண்ணைத் திறந்து அவனைப் பார்ப்பதற்குள் வயரை மாட்டிவிட்டான்.

"எப்படி?" என்று கேட்டார் இசக்கிமுத்து.

"நடுவுலதாண்ணே" என்றான் பொன்மணி. "சரியா நடுவுல."

*

அவன் சமையலறைக்கு வந்தபோது செல்வலட்சுமி அடுப்பில் ஒன்றுமில்லாமலே அடுப்புக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தாள். வெளியே மறுபடி மழை பிடித்துவிட்டது.

"காலைல நான் சொன்னது அண்ணனுக்குக் கேக்கவே இல்லையா மைனி?"

அவள் அணைந்த அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"நான் வலப்பக்கம் இருந்தேன். அந்தக் காதா?"

அவள் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"எத்தன நாளா இப்படி? காய்ச்சல் கீய்ச்சல் வந்துச்சா? கடையில ஏதும் விழுந்துட்டாரா? ஏன் எனக்குச் சொல்லல? நான் என்ன செத்தா போயிட்டேன்?" அவன் குரல் ஏறியது. "அண்ணனுக்கு ஒண்ணுன்னா எனக்குச் சொல்ல மாட்டியளா மைனி?"

அந்தக் கடைசிக் கேள்விதான் அவளைத் தாங்க முடியாமல் செய்தது. சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம். கேட்க மாட்டேன் என்று சத்தியம் இல்லை.

"நீ அன்னைக்கு எந்தக் கையால அடிச்ச?" என்று கேட்டாள்.

பொன்மணிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு குனிந்து பார்த்தான். சோற்றைத் தவிர எல்லாவற்றுக்கும் அவனுக்கு இடது கைதான். அண்ணன் எதிரே நின்றார். இடது கை போய் விழுந்தால் எந்தக் கன்னத்தில் விழும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவன் அழவில்லை. அழுதிருந்தால் செல்வலட்சுமிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தக் கையைத் தன்னுடையதே இல்லை என்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். கேட்டது தப்பு என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கையை நீட்டி, "தம்பி" என்றாள். அவன் விலகிவிட்டான்.

சமையலறை வாசலில் இசக்கிமுத்து நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. மெழுகுத் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டு, இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்ட சிரிப்பு அது. சோதனையில் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார் பாவம்.

பொன்மணி அவரைத் தாண்டிப் போனான். வாசல் குறுகல். அவருடைய வலது தோளை உரசிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. அங்கே ஒரு நொடி நின்று, அண்ணன் முகத்தைப் பார்க்காமல், மைனியிடம் சொன்னான்.

"ஸுப்ரியாவ வேற யாரையாவது கெட்டிக்கிடச் சொல்லுங்க மைனி. இந்தக் கை தாலி கெட்டக் கூடாது."

மழையில் இறங்கி நடந்துவிட்டான். செருப்புகூடப் போடவில்லை.

மழை இரைச்சலில் அவன் வாய் அசைந்ததை மட்டும் இசக்கிமுத்து பார்த்திருந்தார். சந்து திரும்பும்வரை அவன் முதுகைப் பார்த்துவிட்டு, இடது காதை மனைவி பக்கம் திருப்பினார்.

"என்ன சொல்லிட்டுப் போறான் செல்வி? தாலிய என் கையாலதான் எடுத்துக் குடுக்கணும்னு சொன்னானா?"